ஆறு கிழமையில் சத்திரசிகிச்சை, இரவில் சமையலறை

கடிதம் எழுதியவர் 36 வயது ஆசிரியை. வலிகாமத்தில் ஒரு ஊர். கணவர், ஒன்பது வயது மகள், அம்மா, அவர் என்று நாலு பேர் உள்ள வீடு. உயரம் 158 சென்ரிமீற்றர், நிறை 114 கிலோ. நீரிழிவுக்கு மெற்போமினும் கிளிக்ளசைட்டும் எடுக்கிறார். ஈரலில் கொழுப்புப் படிந்திருப்பதாக ஸ்கானில் தெரிந்திருக்கிறது. கனடாவில் இருக்கும் அண்ணா காசு அனுப்பியிருக்கிறார். கொழும்பில் ஒரு தனியார் வைத்தியசாலையில், இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் 'ஸ்லீவ்' சத்திரசிகிச்சைக்கு ஜூலை நடுப்பகுதியில் நாள் குறித்தாகிவிட்டது. இன்னும் ஆறு கிழமை இருக்கிறது. அதில் கடைசி இரண்டு கிழமைக்கும் சாப்பிட வேண்டியதை எழுதி ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள்.

"நாள் குறித்த அன்றிலிருந்து, இனிமேல் இதெல்லாம் கிடைக்காதே என்று தேடித் தேடிச் சாப்பிடுகிறேன். நாலு கிலோ ஏறிவிட்டது. பகலில் கட்டுப்பாடாக இருப்பேன். இரவு எல்லோரும் படுத்த பிறகு சமையலறையில் நின்றபடியே பிஸ்கற் பெட்டி முடியும்வரை சாப்பிடுவேன். கிழமைக்கு மூன்று நாளாவது நடக்கிறது. யாருக்கும் தெரியாது. இரைப்பையை வெட்டிய பிறகு பசியே வராது, இந்தப் பழக்கமும் போய்விடும் என்று நம்பியிருக்கிறேன். சரிதானே?" என்று கேட்கிறார். கூடவே மூன்று கேள்விகள். தாளில் உள்ள உணவுகள் எங்கள் வீட்டுச் சமையல் இல்லையே, என்ன செய்வது? சத்திரசிகிச்சை முடிந்து வந்ததும் உடம்பு தேற ஒடியல் கூழ் காய்ச்சித் தருவேன் என்கிறார் அம்மா, குடிக்கலாமா? 11 வருடமாக விடாமல் பிடிக்கும் நல்லூர்த் திருவிழா விரதத்தை இந்த வருடமும் பிடிக்கலாமா?

தங்கச்சி, முதலில் ஒன்று சொல்கிறேன். இரவில் நடப்பதை எழுதினீர்களே, அந்த ஒரு வரிக்காகவே உங்கள் கடிதத்தை மற்றவற்றுக்கு முன்னால் எடுத்தேன். நாள் குறித்த பிறகு "கடைசி முறை" என்று சாப்பிடுவது உங்களுக்கு மட்டும் நடப்பதல்ல. கிளினிக்குக்கு வருகிற பலர் கதவைச் சாத்திவிட்டுத்தான் இதைச் சொல்லத் தொடங்குவார்கள். ஒரு பொருளை இனிக் கண்ணால் காண முடியாது என்று மனம் நினைத்தால், கை அதை எடுத்து வைக்கத்தான் பார்க்கும்.

ஆனால் அந்த நினைப்பே பிழை. ஒரு வருடத்துக்குப் பிறகும் நீங்கள் புட்டும் மீன் குழம்பும் சாப்பிடுவீர்கள். மகளின் பிறந்தநாள் கேக்கில் ஒரு துண்டு எடுப்பீர்கள். கோப்பையில் இருக்கும் அளவும், சாப்பிடும் வேகமும், எதை முதலில் வாயில் வைப்பது என்பதும்தான் மாறும். எதற்கும் நிரந்தரமாகப் பிரியாவிடை சொல்ல வேண்டியதில்லை. இதை இன்றைக்கே உங்களுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள். இந்த ஆறு கிழமையும் நன்றாகப் போவதும் போகாததும் பெரும்பாலும் இதில்தான் தங்கியிருக்கிறது.

பசி போய்விடுமா?

பாதி உண்மை. ஸ்லீவ் முறையில் இரைப்பையில் ஏறத்தாழ 75 முதல் 80 வீதம் வரை எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது வாழைப்பழம் போன்ற ஒரு குழாய், 100 முதல் 150 மில்லிலீற்றர்தான் கொள்ளும். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற சுரப்பு பெரும்பாலும் வருவது, வெட்டி எடுக்கும் அந்த மேற்பகுதியிலிருந்துதான். ஆகவே முதல் மாதங்களில் பசி வெகுவாகக் குறையும். பிறகு மெல்ல மெல்ல, பலருக்கு ஒரு வருடத்துக்குள், ஓரளவு திரும்பி வரும்.

அது வயிற்றுப் பசி. இரவு பத்தரைக்கு உங்களைச் சமையலறைக்குக் கூட்டிப்போவது வேறு. அதில் அன்றைய களைப்பு இருக்கிறது, பள்ளிக்கூடத்தில் வாங்கிய பேச்சு இருக்கிறது, வீடு அடங்கிய பிறகு உங்களுக்கென்று கிடைக்கும் அந்த இருபது நிமிடமும் இருக்கிறது. அதைக் கத்தியால் வெட்டி எடுக்க முடியாது. இன்னொன்றையும் யோசியுங்கள். ஒரு துண்டு இறைச்சி அந்தச் சின்னக் குழாயில் அப்படியே நிற்கும், நெஞ்சு நிறைந்து "போதும்" என்று சொல்லிவிடும். பிளேன் ரீயில் தோய்த்த பிஸ்கற்றோ, ஐஸ்கிறீமோ, மிக்சரோ, சொக்லேற்றோ நிற்காது. கரைந்து வழுக்கிக்கொண்டு போய்விடும். ஸ்லீவ் செய்த இரைப்பையால் தடுத்துப் பிடிக்க முடியாத உணவுகள் இவைதான். நீங்கள் இரவில் தேடுவதும் இவற்றைத்தான். இரண்டு, மூன்று வருடத்தில் நிறை திரும்ப ஏறியவர்களிடம் விசாரித்தால், நேரம் காலம் இல்லாமல் கொறித்த கதை அடிக்கடி வரும்.

இரவுச் சமையலறை

உங்கள் கடிதத்தில் ஒரு மூலையில், காலையில் பிளேன் ரீயோடு ஓடுவதாகவும், இடைவேளைக்கு ஒரு றோல்ஸ், மதியம் "முடிந்தால்" சோறு என்றும் எழுதியிருக்கிறீர்கள். பகல் முழுக்கக் கட்டுப்பாடு என்று நீங்கள் நினைப்பதில் பாதி பட்டினி. பகலில் வாங்கிய கடனை உடம்பு இரவில் வட்டியோடு கேட்கிறது. அதனால் முதல் வேலை, காலையில் சாப்பிடுவது. இரண்டு அவித்த முட்டை, அல்லது ஒரு கிண்ணம் அவித்த பயறு. அப்புறம் மூன்று, நாலு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, குறித்த நேரத்தில், இருந்து, கோப்பையில் போட்டுச் சாப்பிடுங்கள். சத்திரசிகிச்சைக்குப் பிறகும் இதே ஒழுங்குதான். இப்போதே பழகினால் அப்போது புதிதாகப் படிக்க வேண்டி வராது.

இரண்டாவது வேலை கொஞ்சம் கடினம். குறுகிய நேரத்தில் அளவுக்கு மீறிச் சாப்பிடுவது, நிறுத்த முடியவில்லை என்ற உணர்வு, ஒளித்துச் சாப்பிடுவது, பிறகு வெட்கம். இது மூன்று மாதமாகக் கிழமைக்கு ஒரு தடவையாவது நடந்தால், அதற்கு மருத்துவத்தில் ஒரு பெயர் இருக்கிறது, சிகிச்சையும் இருக்கிறது. உங்களுக்கு அது இருக்கிறது என்று கடிதத்தை வைத்து நான் சொல்ல மாட்டேன். நேரில் கேட்டறிந்துதான் சொல்ல வேண்டும். ஆனால் சத்திரசிகிச்சை நிபுணரிடம் இதை மறைக்காதீர்கள். சொன்னால் நிறுத்திவிடுவார்கள் என்று பயப்படுகிறீர்கள். இது இருக்கிறது என்பதற்காக மட்டும் சத்திரசிகிச்சையை மறுப்பதில்லை. அதற்கும் சேர்த்துச் சிகிச்சை கொடுப்பார்கள், தேவையென்றால் நாளைச் சற்றுத் தள்ளுவார்கள். கொழும்புவரை போகவும் வேண்டாம். யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பளை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன. அங்கே போவது பைத்தியத்துக்கு மருந்து எடுக்க என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சால் சிகிச்சை பிந்திப்போன எத்தனையோ பெண்களை நான் கண்டிருக்கிறேன். தயவுசெய்து நீங்களும் பிந்தாதீர்கள்.

கணவரிடமும் சொல்லுங்கள். காவல் இருக்கச் சொல்லி அல்ல. அந்த இருபது நிமிடத்தை முற்றத்தில் கதிரை போட்டு உங்களோடு இருந்து கதைக்கச் சொல்லி.

இரண்டு கிழமைத் தாள்

நிறையைக் குறைக்கத்தானே சத்திரசிகிச்சை, அதற்கு முன்னால் ஏன் இந்தத் தண்டனை என்று கேட்டிருந்தீர்கள். காரணம் உங்கள் ஈரல். ஈரலின் இடது பக்கம் இரைப்பைக்கு மேலே மூடினாற்போல் கிடக்கிறது. கொழுப்புப் படிந்த ஈரல் பருத்து, பாரமாகி, தொட்டால் இரத்தம் கசியும் நிலையில் இருக்கும். சிறு துளைகளின் வழியே கருவியை விட்டு வேலை செய்பவர் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் இரைப்பையைப் பார்க்க வேண்டும். மாச்சத்தும் கொழுப்பும் குறைந்த, நாளுக்கு ஏறத்தாழ 800 முதல் 1000 கலோரி வரையான உணவில் இரண்டு கிழமை இருந்தால், ஈரலில் சேமித்திருக்கும் சர்க்கரையும் அதோடு ஒட்டியிருக்கும் தண்ணீரும் கொஞ்சக் கொழுப்பும் போய் ஈரல் சுருங்கும். சத்திரசிகிச்சையின் ஆபத்து குறையும். சத்திரசிகிச்சைக்கு முதல் நாள் இரவு ஒரு கொத்து ரொட்டி என்று நினைத்தால், இழப்பது அந்தப் பாதுகாப்பைத்தான்.

இதைத் தொடங்குவதற்கு முன்பே செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது. கிளிக்ளசைட் எடுத்துக்கொண்டு மாச்சத்தைத் திடீரென்று குறைத்தால் இரத்தத்தில் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். வியர்வை, நடுக்கம், படபடப்பு, தடுமாற்றம் வரும். வகுப்பறையிலோ ஸ்கூட்டியிலோ இது நடக்கக்கூடாது. தாளைத் தந்தவர்களிடமும் உங்கள் நீரிழிவு வைத்தியரிடமும், எந்த நாளிலிருந்து மாத்திரையை எவ்வளவு குறைப்பது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், அப்படியே தொடரவும் வேண்டாம். அறிகுறி வந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே குடியுங்கள். அந்த இடத்தில் டயற் பார்க்காதீர்கள்.

சரி, தாளில் உள்ள புறோக்கோலிக்கும் கிறீக் யோகட்டுக்கும் வருவோம். அவை எங்கள் சந்தையில் கிடைக்காவிட்டாலும் ஒன்றும் குறைந்துபோகாது. தாள் கேட்பது புரதமும் மரக்கறியும்தான். திருநெல்வேலிச் சந்தையில் அது நிறைய இருக்கிறது. உள்ளங்கை அளவு பாரையோ விளைமீனோ, தேங்காயின் முதற்பால் விடாமல், கடைசியாகப் பிழியும் கப்பிப்பாலில் வைத்த குழம்பில். புடலங்காய், வெண்டிக்காய், கத்தரிக்காய், முருங்கையிலை, வல்லாரை. வல்லாரைச் சம்பலுக்குத் தேங்காய்ப்பூவைக் குறையுங்கள். பொரிப்பதை விட்டுவிட்டு அவியுங்கள். சோறு, புட்டு, இடியப்பம், பாண் ஆகியவற்றை அவர்கள் சொன்ன அளவுக்குள் வையுங்கள், அல்லது அந்த இரண்டு கிழமைக்கும் விடுங்கள். இந்த மாற்று உணவுகளை எழுதி உங்கள் போசணை ஆலோசகருக்கு அனுப்பி ஒப்புதல் வாங்குங்கள். உங்களுடைய கலோரிக் கணக்கு அவர்களிடம்தான் இருக்கிறது.

அம்மாவின் கூழ்

அம்மா பிள்ளைப்பேற்றுக்குப் பத்தியம் காய்ச்சித் தந்தவர். வெட்டுக்காயம் என்றால் உடம்பு தேற வேண்டும் என்றுதான் அவர் மனம் ஓடும். ஆனால் இது தையல் போட்ட இரைப்பை. முதல் ஓரிரு நாள் தெளிந்த தண்ணீர் வகை. பிறகு இரண்டு கிழமை அளவுக்குக் கட்டியில்லாத திரவ உணவு. அதன்பின் இரண்டு கிழமை மசித்த உணவு, பிறகு மென்மையானது. ஆறு முதல் எட்டுக் கிழமையில் சாதாரண உணவு. வைத்தியசாலைக்கு வைத்தியசாலை இந்தக் கணக்குச் சில நாட்கள் மாறும். உங்கள் குழு சொல்வதைத்தான் பின்பற்ற வேண்டும்.

ஒடியல் கூழில் பலாக்கொட்டை, பயிற்றங்காய், மரவள்ளி, நண்டு, கணவாய், செத்தல் மிளகாய், பழப்புளி என்று எல்லாம் இருக்கிறது. தடித்த மா, நார், உறைப்பு. தையல் போட்ட இரைப்பைக்கு இவை எதுவும் ஒத்துவராது. மூன்று மாதம் கழிய, உறைப்பைக் குறைத்துக் காய்ச்சி, சிரட்டையில் கொஞ்சம் எடுத்து, மீன் துண்டையும் இறாலையும் முதலில் சாப்பிட்டுவிட்டுக் கூழைக் குடித்துப் பாருங்கள். அதுவரைக்கும் அம்மாவுக்கு வேறு வேலை இருக்கிறது.

திரவ நாட்களில் மல்லியும் சீரகமும் போட்ட இரசத்தை மிளகைக் குறைத்து, துணியில் வடித்துத் தரலாம். மீன் அவித்த தண்ணீர், பருப்புத் தண்ணீர், கொழுப்பு நீக்கிய பால் எல்லாம் ஆகும். மசித்த உணவு நாட்களில் முள் எடுத்த மீனைக் கப்பிப்பால் சொதியில் மசித்துத் தரலாம், மென்மையாக அவித்த முட்டை தரலாம், குழைய அவித்த பாசிப்பயறு, தயிர் தரலாம். ஒரு நேரத்துக்கு இரண்டு, மூன்று மேசைக்கரண்டிதான். அம்மா அழுவார். அளவைப் பார்த்துத்தான் அழுவார். அதுதான் அளவு என்று வைத்தியரைக் கொண்டே அவருக்கு விளங்கப்படுத்துங்கள்.

சாதாரண உணவுக்கு வந்த பிறகும் புட்டு, பாண், குழைந்த சோறு ஆகியவை பலருக்கு நெஞ்சில் நிற்கும். அவற்றைக் கடைசியாகச் சேருங்கள். நாளுக்கு 60 கிராம் புரதமாவது வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம், சமைத்த மீன் 100 கிராமில் 20 கிராமுக்குச் சற்றுக் கூட, ஒரு தம்ளர் பாலில் 6, 7 கிராம். கோப்பையில் புரதம் முதல், மரக்கறி அடுத்தது, மாச்சத்து கடைசி. ஒவ்வொரு வாயும் கூழாகும்வரை மென்று, இருபது நிமிடமாவது எடுத்துச் சாப்பிடுங்கள். சாப்பாட்டோடு தண்ணீர் வேண்டாம், முடிந்து அரை மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். சோடா வகை வேண்டவே வேண்டாம்.

தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஜூலை, ஓகஸ்ட் வெயிலில் யாழ்ப்பாணத்தில் சுகமான ஆளுக்கே நா வரளும். உங்களால் மடமடவென்று குடிக்க முடியாது. மருந்து அளக்கும் சின்னக் கிண்ணம் 30 மில்லிலீற்றர். பதினைந்து நிமிடத்துக்கு ஒன்று என்று உறிஞ்சினால் மணிக்கு 120. விழித்திருக்கும் 13 மணித்தியாலத்தில் ஒன்றரை லீற்றர் சேர்ந்துவிடும். முதல் மாதத்தில் மீண்டும் வைத்தியசாலைக்குப் போக வேண்டி வருவதற்குத் தண்ணீர் குறைவது ஒரு முக்கிய காரணம்.

நல்லூர் விரதம்

நீங்கள் மசித்த உணவில் இருக்கும்போதுதான் கொடி ஏறியிருக்கும். 25 நாள் ஒருநேர உணவு, அதுவும் பொழுதுபட்ட பிறகு என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வருடம் வேண்டாம். ஒரு நேரத்தில் மூன்று கரண்டி கொள்ளும் இரைப்பைக்கு ஒருநேர உணவு என்றால் அது பட்டினிதான். நீர் வற்றும், தசை கரையும். உடம்பில் தயமின் என்ற விற்றமின் இரண்டு, மூன்று கிழமைக்குத்தான் இருப்பில் இருக்கும். அது தீர்ந்தால் மூளையும் நரம்பும் பாதிக்கப்படும், சில பாதிப்புகள் திரும்பிச் சரியாகாது.

மச்சம் இல்லாமல் இருக்கலாம். பால், தயிர், பயறு, பருப்பு, ஊறவைத்து மசித்த சோயா மீற் ஆகியவற்றைக் கொண்டு, உங்கள் குழு தரும் புரதமாவையும் சேர்த்தால் சமாளிக்கலாம். முட்டை வீட்டு வழக்கப்படி. காலைப் பூசைக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு, வெயில் ஏறுமுன் வீட்டுக்கு வாருங்கள். கையில் தண்ணீர்ப் போத்தல் இருக்கட்டும். நோயாளியும் பாலூட்டும் தாயும் விரதத்தைத் தளர்த்துவது எங்கள் வீடுகளில் காலாகாலமாக உள்ளதுதான். கந்தசஷ்டிக்கும் கேதாரகௌரிக்கும் இதே பதில். முதல் வருடம் முடிய வைத்தியரிடம் கேட்டு முடிவெடுங்கள்.

மருந்தும் பயணமும்

விற்றமின் மாத்திரை ஆறு மாதம் என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தீர்கள். பிழை, ஆயுள் முழுக்க. பி12 உறிஞ்சப்பட இரைப்பையின் உதவி வேண்டும். நீங்கள் எடுக்கும் மெற்போமினும் பி12ஐக் குறைக்கும். இரும்பு மாத்திரையும் கல்சியமும் இரண்டு மணித்தியால இடைவெளியில். இரும்போடு தேநீர் சேரக்கூடாது. 3, 6, 12 மாதங்களிலும் பிறகு வருடத்துக்கு ஒரு தடவையும் இரத்தப் பரிசோதனை. மூன்றாம் மாதமளவில் முடி கொட்டினால் பயப்பட வேண்டாம், புரதமும் இரும்பும் சரியாக இருந்தால் பெரும்பாலும் திரும்ப வளரும். இன்னொரு பிள்ளை வேண்டும் என்றால் 12 முதல் 18 மாதம் பொறுங்கள். நிறை குறையக் கருத்தரிக்கும் வாய்ப்புக் கூடும், ஆகவே குடும்பக் கட்டுப்பாட்டை முன்னரே கதைத்து வையுங்கள்.

கொழும்பிலிருந்து வீடு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். வைத்தியசாலையால் விட்ட அன்றே பஸ் ஏறாதீர்கள். சில நாள் கொழும்பில் தங்கி, வைத்தியர் சரி என்ற பிறகு ரயிலில் வாருங்கள். மணிக்கு ஒருமுறை எழும்பி நடக்கலாம், காலில் இரத்தம் கட்டும் ஆபத்துக் குறையும். என்ன செய்தார்கள் என்ற குறிப்பின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை. வீட்டுக்கு வந்த பிறகு காய்ச்சல், அடங்காத வயிற்று வலி, இடது தோள் வலி, இதயம் நிமிடத்துக்கு 120க்கு மேல் அடிப்பது, தண்ணீர்கூட இறங்காமல் வாந்தி, இவற்றில் எது வந்தாலும் கொழும்புக்கு அழைப்பு எடுத்துக்கொண்டு காத்திருக்காமல் போதனா வைத்தியசாலைக்கு நேரே போய் அந்தக் குறிப்பைக் காட்டுங்கள்.

தள்ளிப் போடலாமா?

அண்ணா காசு கட்டிவிட்டார், இனிப் பின்வாங்க முடியாது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு மிகவும் கவலை தந்த வரி அதுதான். உயரத்துக்கு நிறை எவ்வளவு என்று காட்டும் உடல் திணிவுச் சுட்டி (BMI) உங்களுக்கு 45ஐத் தாண்டுகிறது, நீரிழிவும் இருக்கிறது. சத்திரசிகிச்சையால் நன்மை அடையக்கூடிய ஆள் நீங்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஸ்லீவில் சராசரியாக மொத்த நிறையில் காற்பங்கு அளவு குறையும், நீரிழிவு மருந்து குறையலாம், சிலருக்கு நிற்கவும் கூடும். ஆனால் கையெழுத்துப் போடும் நிமிடம்வரை "இன்னும் மூன்று மாதம் வேண்டும்" என்று சொல்லும் உரிமை உங்களுடையது.

என் எண்ணத்தை வெளிப்படையாகச் சொல்கிறேன். இந்தக் கிழமையே காலைச் சாப்பாட்டைத் தொடங்குங்கள். இரவில் நடப்பதைச் சத்திரசிகிச்சைக் குழுவுக்குச் சொல்லி, இங்கே மனநலப் பிரிவிலும் ஒருமுறை காட்டுங்கள். மூன்று கிழமை கழித்து இரவுகள் குறைந்திருந்தால், அவர்களும் சம்மதித்தால், ஜூலையிலேயே போகலாம். அதே அளவில் இருந்தால் தள்ளுங்கள். அண்ணாவுக்கு அழைப்பு எடுத்து, காசு வீண் போகவில்லை, நாள்தான் மாறுகிறது என்று நீங்களே சொல்லுங்கள். சொல்லத் தயக்கமாக இருந்தால், வைத்தியர் தள்ளச் சொன்னார் என்று இந்தக் கடிதத்தை அவருக்குக் காட்டலாம்.